ஒரு வருடப் படிப்பில் எத்தனை மாதம் இருக்கிறது?

"ஒரே வருஷம்தான், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுடும்." பிரிட்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகும் பேச்சு எழுகிற வீடுகளில் இந்த வாக்கியம் எப்படியும் வந்துவிடும். அமெரிக்கா, ஜெர்மனி என்றால் இரண்டு வருடம், யுகே என்றால் ஒன்று; ஒரு வருட வாடகை மிச்சம், ஒரு வருடச் சம்பளம் லாபம். கணக்கில் தப்பில்லை. ஆனால் ஆஃபர் லெட்டர்கள் வந்தபிறகு அதே வீட்டில் கேட்கப்படும் அடுத்த கேள்வி, "இந்த அஞ்சுல எது ரேங்க்ல மேல இருக்கு?" என்பது. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நேரம் அவ்வளவு குறைவு என்றால், அந்த நேரத்தின் ஒவ்வொரு மாதமும் எங்கே போகும் என்பதல்லவா முதலில் பார்க்க வேண்டியது? ரேங்க் அதைச் சொல்வதே இல்லை.

உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் கியூ.எஸ். தரவரிசையின் நூறு மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். 30 கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கு, 15 வேலை தருவோரிடையே உள்ள நற்பெயருக்கு, 20 ஆசிரியர்களின் ஆய்வுகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதற்கு, 10 ஆசிரியர்-மாணவர் விகிதத்துக்கு. மீதி 25, ஐந்து ஐந்தாக, வெளிநாட்டு ஆசிரியர்கள், வெளிநாட்டு மாணவர்கள், பன்னாட்டு ஆய்வுக் கூட்டு, வேலைவாய்ப்பு, சுற்றுச்சூழல் பொறுப்பு ஆகியவற்றுக்கு. ஒரு குறிப்பிட்ட எம்.எஸ்சி. எப்படி நடத்தப்படுகிறது, வகுப்பில் 40 பேரா 300 பேரா, டிசர்ட்டேஷனுக்கு, அதாவது கடைசியில் எழுதும் ஆய்வறிக்கைக்கு, வழிகாட்டி எத்தனை முறை சந்திப்பார் என்பதற்கு இதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. இளநிலை மாணவர்களுக்காவது அரசின் 'டிஸ்கவர் யூனி' தளம் உண்டு. பாடவாரியாக மாணவர் திருப்தி, படித்து முடித்து 15 மாதத்தில் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். முதுநிலைக்கு அப்படி எதுவும் இல்லை. முதுநிலை மாணவர்களிடமும் ஆண்டுதோறும் கருத்துக்கணிப்பு நடக்கிறது, ஆனால் எந்தப் பல்கலைக்கு என்ன மதிப்பெண் என்பதை வெளியிடுவதில்லை. வெளிநாட்டு மாணவர்கள் அதிகம் சேர்வதும், அதிகப் பணம் கட்டுவதும் இந்த ஓராண்டு முதுநிலையில்தான். அங்கேதான் தகவல் மிகக் குறைவு. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

நாட்காட்டியை விரித்துப் பார்த்தால்

செப்டம்பர் கடைசியில் மாணவர் போய் இறங்குகிறார். முதல் வாரம் வரவேற்பு, பதிவு, வங்கிக் கணக்கு, வீடு. அடுத்த பதினொன்று, பன்னிரண்டு வாரம் முதல் செமஸ்டர். கிறிஸ்துமஸ் விடுமுறை, ஜனவரியில் தேர்வு அல்லது கட்டுரைச் சமர்ப்பிப்பு. ஜனவரி கடைசியிலிருந்து மே வரை இரண்டாம் செமஸ்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை டிசர்ட்டேஷன். மொத்தம் 180 கிரெடிட். பெரும்பாலும் அதில் 120 வகுப்புப் பாடங்களுக்கு, 60 டிசர்ட்டேஷனுக்கு. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது பொதுக்கணக்கு. அதன்படி 15 கிரெடிட் மாட்யூல் (ஒரு பாடப்பகுதி) என்றால் 150 மணி நேரம், ஆனால் வகுப்பில் உட்கார்வது அதில் முப்பது மணி நேரம் இருந்தாலே அதிகம். மற்றதெல்லாம் தானாகப் படிப்பது. வகுப்புகள் உண்மையில் நடப்பது ஏறக்குறைய ஆறு மாதம்தான்.

இப்போது இதன்மேல் வேலைக்கான நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். பிரிட்டனின் பெரிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளை எடுக்கும் கிராஜுவேட் ஸ்கீம்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம் திறக்கும். நவம்பர், டிசம்பரில் பல மூடிவிடும். இடங்கள் நிரம்பினால் அதற்கு முன்பே மூடும். வேலையில் சேர்வது அடுத்த செப்டம்பரில். அதாவது, படிப்பு முடிந்தவுடன் சேர வேண்டிய வேலைக்கு, போய் இறங்கிய இரண்டாவது வாரமே விண்ணப்பிக்க வேண்டும். கையில் ஒரு மதிப்பெண்ணும் இருக்காது, பேராசிரியர் பெயர்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. முதல் செமஸ்டரைப் படிப்புக்கு ஒதுக்கிவிட்டு, வேலையை அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கிறவர்கள் ஜனவரியில் கண் விழிக்கும்போது முதல் சுற்று முடிந்திருக்கும்.

இரண்டாவது சுற்று அடுத்த ஆண்டு இலையுதிர்காலம், டிசர்ட்டேஷன் கொடுத்த கையோடு. இங்கேதான், படிப்பு முடிந்தபிறகு அங்கேயே தங்கி வேலை தேடவும் பார்க்கவும் தரப்படும் கிராஜுவேட் ரூட் விசா வருகிறது. 2021 ஜூலையில் தொடங்கியபோது முனைவர் பட்டம் தவிர மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். ஆறு மாதம்தானே குறைந்தது என்று பலரும் கடந்து போகிறார்கள். 2026 செப்டம்பரில் சேருபவரை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 2027 செப்டம்பரில் படிப்பு முடியும். நவம்பர் வாக்கில் முடிவு வரும். பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தபிறகுதான் விண்ணப்பிக்க முடியும். டிசம்பரில் விசா கிடைத்தால் 2029 ஜூன் வரை. 2028 இலையுதிர்காலத்தில் மூன்றாவது சுற்றுக்கு விண்ணப்பித்து வென்றாலும் வேலை தொடங்குவது 2029 செப்டம்பரில், விசா முடிந்தபிறகு. பழைய இரண்டு ஆண்டு இருந்திருந்தால் அந்த வேலையில் சேர்ந்துவிட்டு, வேலை விசாவுக்கு வேண்டிய நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்பை நிதானமாக வாங்கியிருக்கலாம். காகிதத்தில் போனது ஆறு மாதம். கையை விட்டுப் போனது ஒரு முழுச் சுற்று. சிறு நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கும் என்பது உண்மை, ஆனால் அவற்றில் ஸ்பான்சர் உரிமம் உள்ளவை குறைவு.

இதைப் புரிந்துகொண்டால் பல்கலைக்கழகத்தைப் பார்க்கும் கண் மாறிவிடும். ஆஃபரை ஏற்றுக்கொண்ட மாணவர், போய்ச் சேருவதற்கு முன்பே அங்குள்ள கரியர்ஸ் சர்வீஸை (வேலை தேட உதவும் பிரிவை) பயன்படுத்த முடியுமா? சில இடங்களில் முடியும், சில இடங்களில் பதிவு முடிந்து மாணவர் அட்டை வந்தபிறகுதான். இந்த ஒன்றுக்காகவே, பட்டியலில் இருபது இடம் கீழே இருக்கும் பல்கலையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன். ஜனவரி சேர்க்கையைப் பற்றிய பொதுவான இளக்காரமும் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 2027 ஜனவரியில் சேருபவர் அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் விண்ணப்பிக்கும்போது குறைந்தது ஒரு செமஸ்டர் மதிப்பெண்ணாவது கையில் இருக்கும், ஊரும் பழகியிருக்கும். அதற்கு விலையும் உண்டு. பல துறைகளில் ஜனவரிக்காரர்களுக்கு விருப்பப் பாடங்கள் குறைவு. அடிப்படைப் பாடம் பின்னாலும் அதைச் சார்ந்த பாடம் முன்னாலும் வந்துவிடும். சில இடங்களில் கோடையிலும் வகுப்பு வைத்து நெருக்குவார்கள். எந்த வரிசையில் எந்த மாட்யூல் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஜனவரிக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் பார்க்காதது: மாணவர் விசாவுக்காகப் பல்கலை தரும் சேர்க்கை உறுதி ஆவணமான சி.ஏ.எஸ்.ஸில் போட்டிருக்கும் படிப்பு முடியும் தேதி. படிப்பு 12 மாதமோ அதற்கு மேலோ என்றால் முடிந்தபிறகு நான்கு மாதம் விசா இருக்கும். 12 மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் இரண்டு மாதம்தான். முடிவு நவம்பர் கடைசியில் வரும் பல்கலையில், கிராஜுவேட் ரூட்டுக்கு விண்ணப்பிக்க இரண்டு மாதக் கெடு என்றால் மூச்சு முட்டிவிடும்.

பாடத்தின் பெயரும் பாடமும்

தகவல் குறைவு என்றேன். ஆனால் ஒரு ஆவணம் இருக்கிறது. ஒவ்வொரு படிப்புக்கும் 'புரோகிராம் ஸ்பெசிஃபிகேஷன்' என்று ஒன்று உண்டு. விளம்பரப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. கோர்ஸ் பெயரோடு இந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடினால் வரும், வராவிட்டால் சேர்க்கை அலுவலகத்திடம் கேட்கலாம். எந்த மாட்யூல் கட்டாயம், எது விருப்பம், எத்தனை கிரெடிட், தேர்வா கட்டுரையா, எந்தத் தொழில்முறை அமைப்பின் அங்கீகாரம் எல்லாம் அதில் இருக்கும். விளம்பரப் பக்கத்தில் மின்னும் மெஷின் லேர்னிங் பாடம் இங்கே விருப்பப் பாடமாக, "ஆள் சேர்ந்தால் நடத்தப்படும்" என்ற குறிப்போடு நிற்பதைப் பார்க்கலாம். கட்டாயப் பாடங்களை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் பத்திரம்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் பொறியியல் பட்டதாரிகள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று இதில் உண்டு. பிரிட்டனின் பல பல்கலைகளில் வெறும் 'எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்பது கன்வெர்ஷன் கோர்ஸ். வரலாறோ உயிரியலோ படித்தவர்கள் கம்ப்யூட்டருக்கு மாறுவதற்காக உருவாக்கியது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர் அதில் சேர்ந்தால், இரண்டாம் ஆண்டில் படித்த டேட்டா ஸ்ட்ரக்சரையே முப்பது லட்சம் செலவழித்து மறுபடி படிப்பார். அவருக்கானது 'அட்வான்ஸ்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்' அல்லது குறிப்பிட்ட ஒரு துறை. சேர்க்கைத் தகுதி வரியில் "கம்ப்யூட்டர் பின்னணி தேவையில்லை" என்றோ, "வேறு துறைப் பட்டம் பெற்றவர்களுக்கு" என்றோ இருந்தால் அதுதான் அடையாளம். சில பல்கலைகள் கம்ப்யூட்டர் படித்தவர்களைத் தாங்களே மறுத்துவிடும். எல்லாப் பல்கலையும் அப்படிச் செய்வதில்லை.

ஏரோஸ்பேஸ் இதைவிட வலிக்கும். பாடம் நன்றாகவே இருக்கும். பிரிஸ்டலைச் சுற்றி ஏர்பஸ், ரோல்ஸ்-ராய்ஸ் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்தத் துறையில் பாதுகாப்பு சார்ந்த வேலைகளுக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும். அதற்குப் பொதுவாக ஐந்து ஆண்டு பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும், சில பணிகளுக்குக் குடியுரிமையே வேண்டும். ஓராண்டு முன்பு வந்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. போதாததற்கு, விமானவியல், மெட்டீரியல்ஸ் போன்ற சில பாடங்களுக்கு விசாவுக்கு முன்பே ஏ.டி.ஏ.எஸ். என்ற அனுமதியும் இந்தியர்கள் வாங்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் குறைந்தது 30 வேலை நாள் ஆகும். ஜூலையில் ஆஃபர் வாங்கியவர்கள் இதனாலேயே வகுப்பைத் தவறவிடுவதுண்டு. பி.ஃபார்ம். முடித்தவர்கள் எடுக்கும் மருந்தியல் எம்.எஸ்சி. எதுவும் அங்கே பார்மசிஸ்ட் ஆக்காது. அதற்கு ஓஸ்பாப் என்ற தனிப் படிப்பும் 52 வாரப் பயிற்சியும் வேண்டும். சட்ட முதுநிலையான எல்.எல்.எம். படித்ததால் மட்டும் அங்கே வழக்கறிஞர் ஆக முடியாது. இவற்றைப் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்க வேண்டும்.

'பிளேஸ்மென்ட்டுடன் கூடிய எம்.எஸ்சி.' இரண்டு ஆண்டு வரை போகும். நம் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் என்றால் நிறுவனம் வளாகத்துக்கு வரும். அங்கே பெரும்பாலும் மாணவரே தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேறொரு புராஜெக்ட்டுக்கு மாற்றிவிடுவார்கள் அல்லது ஓராண்டுப் படிப்பாகச் சுருக்கிவிடுவார்கள். சென்ற ஆண்டு எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். "மாணவர்களுக்கு எல்லா ஆதரவும் தருகிறோம்" என்று பதில் வந்தால், எண்ணிக்கை சொல்லும்படியாக இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்து இங்கே ஆய்வோ ஆசிரியப் பணியோ செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. பிரிட்டனின் ஓராண்டு மாஸ்டர்ஸை ஏற்றுக்கொள்வது குறித்து 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், கட்டடக்கலை போன்ற தொழில்முறைப் பட்டங்கள் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

ஊர்

பிரிட்டனில் ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு மூன்று பல்கலைகள் இருக்கும். நாட்டிங்ஹாம் வேறு, நாட்டிங்ஹாம் ட்ரென்ட் வேறு. ஷெஃபீல்டு வேறு, ஷெஃபீல்டு ஹாலம் வேறு. லீட்ஸ் வேறு, லீட்ஸ் பெக்கெட் வேறு. இரண்டாவதாகச் சொன்னவை 1992 சட்டத்துக்குப் பிறகு பாலிடெக்னிக்கிலிருந்து பல்கலை ஆனவை. அதனால் மட்டமானவை என்று அர்த்தமில்லை. தொழில் சார்ந்த சில பாடங்களில் அவை பழைய பல்கலைகளைவிடத் தொழிற்சாலைகளோடு நெருக்கம். அதேபோல ரஸ்ஸல் குரூப் என்னும் 24 பல்கலைகளின் கூட்டமைப்பில் பாத், லாஃப்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் இல்லை என்பதையும் நினைவில் வைக்கலாம். அது ஆராய்ச்சிப் பல்கலைகளின் சங்கம், தரச் சான்றிதழ் அல்ல.

பெயரைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது வளாகம். வட இங்கிலாந்திலோ மேற்கிலோ இருக்கும் பல்கலைகள் லண்டனில் கிளை வைத்திருக்கின்றன. சிலவற்றில் கற்பிப்பது அந்தப் பல்கலையின் ஆசிரியர்களே அல்ல, ஒரு தனியார் கூட்டாளி நிறுவனம். பட்டத்தில் பல்கலையின் பெயர் இருக்கும். நூலகம், ஆய்வகம், பேராசிரியர் எல்லாம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. ஆஃபர் லெட்டரில் "கற்பிக்கப்படும் இடம்" என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

லண்டனா வெளியூரா என்பதற்கு விசா விதியே ஒரு விலை போட்டிருக்கிறது. 2025 நவம்பரிலிருந்து வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியில் 1,171 பவுண்டு, ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும்: 13,761க்கும் 10,539க்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பணமும், கட்ட வேண்டிய மீதிக் கட்டணமும், தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். கணக்கு பொதுவாக மாணவர் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோதான் இருக்கலாம். நம் வீடுகளில் சித்தப்பா, மாமா கணக்கில் புரட்டிக் காட்டுவது வழக்கம், அது செல்லாது. ரூபாய் மதிப்பு விண்ணப்ப நாளில் கணக்கிடப்படுவதால், சரியாக அளந்து வைத்தவர்கள் நூறு ரூபாய் குறைந்து விசா இழக்கிறார்கள். ஐந்து சதவீதமாவது கூடுதலாக வைக்க வேண்டும். வங்கிக் கல்விக் கடன் கடிதம் என்றால் இந்த 28 நாள் தொல்லை இல்லை.

வாடகை மலிவு என்று வடக்கே போகிறவர்கள் இன்னொரு பக்கத்தையும் எடைபோட வேண்டும். நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்பில் வேலை பார்ப்பதற்கான ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு 2025 ஜூலையிலிருந்து பொதுவான ஆண்டுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு. படித்து முடித்து மாறும் புதியவர்களுக்கு 33,400, அல்லது அந்த வேலைக்கு விசா விதி வகுத்திருக்கும் சம்பளத்தில் 70 சதவீதம், எது அதிகமோ அது. இந்த வரம்பு லண்டனுக்கும் நியூகாசிலுக்கும் ஒன்றுதான். சம்பளம் ஒன்றல்ல. சிக்கனமாகப் படித்த ஊரிலேயே வேலை கிடைத்து, சம்பளம் வரம்பைத் தொடாமல் போவது நடக்கிறது. படிப்பது வடக்கில், வேலைக்கு விண்ணப்பிப்பது நாடு முழுவதும் என்பதே பலருக்கும் பொருந்தும் வழி.

பகுதிநேர வேலையை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பது ஆபத்தானது. பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். கோடையில் முழுநேரம் வேலை பார்க்கலாம் என்பது இளநிலைக்காரர்களுக்கு உண்மை. முதுநிலையில் டிசர்ட்டேஷன் எழுதும் ஜூன் முதல் செப்டம்பர் வரையும் பாடக் காலமே; அப்போதும் 20தான். உணவு டெலிவரி போன்ற சுயதொழில் வேலைகளுக்கு மாணவர் விசாவில் அனுமதியே இல்லை. 2026 ஏப்ரல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு, இருபது மணி நேரத்துக்குச் சுமார் 254. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஓரளவு உதவும், கட்டணத்துக்கு உதவாது.

கட்டுவதற்கு முன்

கன்சல்டன்சி இலவசமாக உதவுவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. மாணவர் சேர்ந்ததும் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குக் கமிஷனாக வருகிறது. அதில் தவறில்லை, நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நீட்டும் பட்டியல் அவர்களோடு ஒப்பந்தம் உள்ள பல்கலைகளின் பட்டியல். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் கமிஷன் தருவதில்லை. முதுநிலைக்குப் பெரும்பாலான பல்கலைகளில் மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

பல்கலையின் பண நிலையையும் ஒரு முறை பார்ப்பது இப்போது அவசியமாகிவிட்டது. உள்நாட்டு மாணவர் கட்டணம் இங்கிலாந்தில் 2017 முதல் 9,250 பவுண்டிலேயே நின்று, 2025இல்தான் 9,535 ஆனது. அந்தப் பள்ளத்தை வெளிநாட்டு மாணவர் கட்டணம் நிரப்பி வந்தது. வருகை குறைந்ததும் பல இடங்கள் தடுமாறின. டண்டீ பல்கலைக்கழகத்தை ஸ்காட்லாந்து அரசு பணம் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. கார்டிஃப் 2025 ஜனவரியில் 400 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. பெரிய பல்கலை ஒரே நாளில் மூடாது. ஆனால் துறை சுருங்கும், விருப்பப் பாடங்கள் மறையும், ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேர் என்பது பதினாறு பேராகும். சேர நினைக்கும் துறையின் பெயரோடு பணிநீக்கம் பற்றிய செய்தி ஏதும் இருக்கிறதா என்று தேட ஐந்து நிமிடம் போதும்.

டெபாசிட் கட்டும் முன் அந்தப் படிப்பின் புரோகிராம் டைரக்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பெயரும் முகவரியும் துறையின் பக்கத்தில் இருக்கும். சென்ற ஆண்டு வகுப்பில் எத்தனை பேர், டிசர்ட்டேஷன் வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை மாணவர், எந்த விருப்பப் பாடங்கள் உண்மையில் நடந்தன, முடிவுகள் எந்த மாதம் வரும் என்ற நான்கு கேள்விகள் போதும். கூடவே சேர்க்கை அலுவலகத்திடம் ரீஃபண்ட் விதியையும் கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள், போலி ஆவணம் என்றால் தர மாட்டார்கள், மனம் மாறினால் பொதுவாகக் கிடைக்காது. பதில் வருவதற்குள் கெடு நெருங்கிவிட்டால், காரணத்தைச் சொல்லி இரண்டு வாரம் நீட்டித் தரச் சொல்லலாம். கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள்.